பத்தாம் எண்ணின் நாட்குறிப்பு: ஹூட் மலையிலிருந்து கடல் வரை

ஆகஸ்ட் 19, 2018, ஞாயிறு

வரும் வெள்ளிக்கிழமை காலை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தின் ஹூட் மலையில் தொடங்கி, இரவு முழுவதும் நீண்டு, சனிக்கிழமை பிற்பகல் சீசைடு கடற்கரையில் முடியப்போகும் ‘ஹூட் டு கோஸ்ட்’ தொடர் ஓட்டத்தில் எங்கள் அலுவலக அணியின் பத்தாம் எண் நான். ஏறத்தாழ 200 மைல் தூரத்தை 36 பகுதிகளாகப் பிரித்து, பன்னிரண்டு பேர் வரிசை மாறாமல் ஆளுக்கு மூன்று முறை ஓட வேண்டும். எனக்கு விழுந்தவை 10, 22, 34 ஆகிய பகுதிகள். ஒருவருக்குச் சராசரியாகப் பதினாறரை மைல் என்பது பெரிய தூரமாகத் தோன்றாது. ஆனால் அது ஒரே மூச்சில் வராமல், பிற்பகலில் ஒரு துண்டும் நள்ளிரவில் ஒரு துண்டும் மறுநாள் உச்சிவெயிலில் ஒரு துண்டுமாக வருவதுதான் சிக்கல்.

இதை எழுதத் தொடங்கியதற்கு ஒரு குற்ற உணர்வும் காரணம். பதிவு செய்யும்போது ஒவ்வொருவரும் தமது பத்து கிலோமீட்டர் நேரத்தைத் தர வேண்டும். அதை வைத்துத்தான் அணிக்குரிய தொடக்க நேரத்தை ஒதுக்குகிறார்கள்: மெதுவான அணிகள் விடியலிலும் வேகமான அணிகள் பிற்பகலிலும் புறப்படும். நான் 62 நிமிடம் என்று எழுதிவிட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், குளிர்ந்த ஒரு மே மாதக் காலையில், சமதரையில் ஒரே ஒருமுறை ஓடிய நேரம் அது. இன்றைய உண்மை 68 நிமிடம். அணித்தலைவரின் எக்ஸெல் தாளில் என் பெயருக்கு எதிரே ‘மைலுக்குப் பத்து நிமிடம்’ என்று இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கடிகாரத்தைத் தவறாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தவளைப் போல இருக்கிறது.

ஆகஸ்ட் 22, புதன்

மூன்று நாளாகப் போர்ட்லாந்தின் வானம் சாம்பல் பூசிக் கிடக்கிறது. வாஷிங்டன் மாநிலத்திலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் எரியும் காடுகளின் புகை தெற்கே இறங்கி, காற்றுத் தரக் குறியீட்டைச் சிவப்பு நிறத்துக்குக் கொண்டுபோய்விட்டது. சூரியன் குங்குமப்பொட்டுப் போலத் தெரிகிறான். கண் கூசாமல் நேராகப் பார்க்க முடிகிறது. கடைசி வாரப் பயிற்சி என்று எனக்கு நடந்தது, வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கியது மட்டும்தான். கடல் காற்று திரும்பிவிட்டால் நாளைக்குள் புகை கலைந்துவிடும் என்று வானிலை அறிக்கை சொல்கிறது.

ஆகஸ்ட் 23, வியாழன், இரவு

காற்று திரும்பிவிட்டது. சாளரத்தைத் திறந்ததும் புகை வாடை இல்லாமல் புல் வாடை வந்தது.

கும்பகோணத்திலிருந்து அம்மா அழைத்தார். அங்கே வெள்ளிக்கிழமை காலை பிறந்துவிட்டது. கலசத்துக்கு முகம் வைத்து, மஞ்சள் சரடு எடுத்து வைத்தாகிவிட்டது. “வரலட்சுமி நோன்பும் அதுவுமா, ராத்திரி காட்டுக்குள்ள ஓடப்போறேன்கறியே, உனக்கு என்னடி ஆச்சு?” என்று கேட்டார். பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளியில்தானே நோன்பு வரும், ஆகவே நல்ல நிலா வெளிச்சம் இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். அம்மாவுக்கு அது சமாதானமாகப் படவில்லை. எதிர்வீட்டு மாமி மட்டும், எங்கள் இருவரின் மனமும் கோணாதபடி, ஒரு டப்பா நிறைய உப்புக் கொழுக்கட்டையை முன்கூட்டியே செய்து கொடுத்தனுப்பினார்.

பையில் வைத்தவை: தனித்தனி உறைகளில் மூன்று ஓட்டங்களுக்கான மூன்று உடைகள், நெற்றி விளக்கு, ஒளியைத் திருப்பியடிக்கும் மேலங்கி, முதுகில் மாட்டும் மின்னும் சிவப்பு விளக்கு. பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை இவை இல்லாமல் சாலையில் இறங்க விடமாட்டார்கள். அருகில் உள்ள அணிகள் ஒவ்வொன்றும் மூன்று தன்னார்வலரைத் தர வேண்டும் என்பது விதி. எங்கள் மூவரில் ஒருவர் என் கணவர். ஓடுவதைவிட இரவு முழுவதும் கொடி பிடித்து நிற்பதுதான் கடினம் என்று அவர் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 24, வெள்ளி, மாலை 5.30

தொடக்கத்தை நான் பார்க்கவில்லை. முதல் ஆறு பேர் முதல் வேனில் மலைக்குப் போனார்கள். எங்கள் ஆறு பேரின் வேன், அடிவாரத்தில் உள்ள சாண்டி என்ற ஊரில், ஓடுபவர்கள் கைமாற்றும் பட்டைக்காகக் காத்திருந்தது. முதல் எண்காரர் டிம்பர்லைன் விடுதி வாசலில் நிற்கும் படம் மட்டும் கைப்பேசியில் வந்தது. பெருமந்தக் காலத்தில் வேலையற்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு கட்டிய விடுதி அது. 1937-ல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வந்து அர்ப்பணித்தார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரம். அங்கிருந்து முதல் பகுதியிலேயே 2,000 அடி இறக்கம். சுலபம் என்று நினைத்து இறங்கியவர், சாண்டியில் எங்களைக் கண்டபோது படியிறங்கும் கிழவரைப் போல வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

1982-ல் எட்டு அணிகளோடு தொடங்கிய இந்த ஓட்டத்தில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் ஓடுகின்றன; அணிக்கு இரண்டு வேன் என்றால் சாலையின் கதியை ஊகித்துக்கொள்ளலாம்.

என் முதல் ஓட்டம் மூன்றே காலுக்கு, ஸ்பிரிங்வாட்டர் பாதையில் தொடங்கியது. நூறாண்டுக்கு முன் மின்ரயில் ஓடிய தடத்தை எடுத்துவிட்டுப் போட்ட பாதை என்பதால் ஏற்ற இறக்கமே இல்லை. ஜான்சன் ஓடையை ஒட்டி நீண்டு போகிறது. வெயில் இதமாக இருந்தது. மைலுக்குப் பத்து நிமிடம் இருபது விநாடியில் ஓடி முடித்தேன். அப்படியானால் நான் எழுதியது அவ்வளவு பெரிய பொய்யில்லை என்று சற்று நேரம் நிம்மதியாக இருந்தேன்.

கோலுக்குப் பதிலாக இங்கே கொடுப்பது ஒரு பட்டை. நேராக இருக்கும்போது அடிக்கோல் போல விறைத்து நிற்கும். மணிக்கட்டில் ஓங்கி அறைந்தால் பாம்பைப் போலச் சுருண்டு பிடித்துக்கொள்ளும். அதுவரை ஒன்பது பேரின் வியர்வையைக் குடித்திருந்த அந்தப் பட்டை என் கையில் ஏறியபோது சில்லென்று இருந்தது. பதினோராம் எண்காரரின் மணிக்கட்டில் நான் அறைந்த அறை, அங்கே நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டது.

ஆகஸ்ட் 25, சனி, அதிகாலை 4 மணி

வேனின் பின்னிருக்கையில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். சுற்றிலும் ஐந்து பேரின் ஈரக் காலணிகளின் நாற்றம்.

இரவு பத்து மணியளவில் செயின்ட் ஹெலன்ஸ் ஊருக்கு அருகிலுள்ள கவுண்ட்டி கண்காட்சித் திடலுக்கு வந்து சேர்ந்தோம். வீடு பக்கத்தில்தானே என்று சிலர் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை, மெத்தையைப் பார்த்தால் திரும்பமாட்டேன் என்று எனக்குத் தெரியும். திடலில் வரிசையாக நின்ற தற்காலிகக் கழிப்பறைகளின் முன் இருபது நிமிடம் நின்றேன். முன்னால் நின்ற ஒரு பெரியவர், தம் அணி எத்தனை பேரை முந்தியது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். முந்திய ஒவ்வொருவருக்கும் வேன் கண்ணாடியில் ஒரு கோடு போடுவது இங்கே வழக்கம். அதற்கு ‘ரோட்கில்’ என்று பெயர், அதாவது வண்டியில் அடிபட்டுச் சாலையில் கிடக்கும் பிராணி. எத்தனை வேன்களின் கண்ணாடியில் நான் ஒரு கோடாக இருக்கிறேனோ தெரியாது. என் கணக்கில் ஒரு கோடும் இல்லை.

திடலைத் தாண்டியதும் கைப்பேசிக்குச் சமிக்ஞை போய்விடுகிறது. அதன் பிறகு ஒரே துணை எக்ஸெல் தாள்தான்: இன்னார் இத்தனை மணிக்கு வருவார் என்று தாள் சொன்னால் அடுத்தவர் அந்த நேரத்துக்குப் போய் நிற்பார். எனக்கு முன் சரளைச் சாலையில் ஓடியவர்கள், வேன்கள் கிளப்பிய புழுதியில் புருவம் நரைத்துத் திரும்பினார்கள். ஒருவர் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஓடியும் பற்களுக்கிடையில் மண் இருந்தது.

ஒன்றே முக்காலுக்கு என் முறை. நிலாவைப் பற்றி அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன் அல்லவா? பௌர்ணமிக்கு ஒரு நாளே இருந்தும், சாலையின் இருபுறமும் நின்ற டக்ளஸ் ஃபிர் மரங்களும் அவற்றின் தலையில் உட்கார்ந்திருந்த மேகமும் சேர்ந்து அதை முழுவதும் விழுங்கிவிட்டன. என் விளக்கு காட்டிய பத்தடி வட்டமும், தூரத்தில் ஏறி இறங்கி மின்னிய ஒரு சிவப்புப் புள்ளியும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஏற்றம் எங்கே முடிகிறது என்று தெரியாததால் எவ்வளவு மூச்சை மிச்சம் வைப்பது என்றும் தெரியவில்லை. இரண்டாவது மைலில் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. கையால் அழுத்திக்கொண்டு நடந்தேன், பிறகு ஓடினேன், மறுபடி நடந்தேன். அந்தச் சிவப்புப் புள்ளி ஒரு வளைவில் மறைந்தபின் சாலையில் நான் மட்டும்தான். என் மூச்சே யாரோ பின்னால் வருவதைப் போலக் கேட்டது.

அச்சம் என்று சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் என்னை அரித்தது பதினோராம் எண்காரரைப் பற்றிய நினைப்புத்தான். தாளை நம்பி அவர் இந்நேரம் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு அரைக்கைச் சட்டையோடு கோட்டருகே நிற்பார். நான் எழுதிய 62 என்ற எண்ணின் பேரில் அந்தக் குளிரில் நிற்பார். வலி கூடினாலும் நடையை நிறுத்தி ஓடியது அதனால்தான். அப்படியும் நிமிடங்கள் போய்க்கொண்டே இருந்தன.

கைமாற்றும் இடத்துக்கு முன்னால் நிற்கும் தன்னார்வலர் கம்பியில்லாக் கருவியில் அணி எண்ணைச் சொல்ல, அங்கே ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். எங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் இருட்டிலிருந்து அவர் முன்னே வந்தார். பதினான்கு நிமிடத் தாமதம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், மூச்சுத்தான் வந்தது. நான் அறைவதற்குள் அவரே பட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருடைய விரல்கள் ஐஸ் போல இருந்தன.

பிறகு வேனில் மாமியின் டப்பாவைத் திறந்தேன். ஆறிப்போன கொழுக்கட்டையின் கடுகும் பச்சைமிளகாயும் அந்த நேரத்தில் என்ன ருசி! பத்து மணிநேரமாக இனிப்புக் கூழையே பிதுக்கி விழுங்கிக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்தார்கள். பதினோராம் எண்காரர் ஓடிவிட்டு வந்து மூன்று தின்றார். அவருக்காகத்தான் மூன்றை எடுத்து மறைத்து வைத்திருந்தேன். 62 நிமிட விஷயத்தை அப்போது அவரிடம் சொல்லிவிட்டேன். தாம் 48 என்று எழுதியதாகவும் ஒழுங்காகப் பார்த்தால் 53 என்றும் அவர் சொன்னார். முன்னிருக்கையில் இருந்த அணித்தலைவர் திரும்பிப் பார்க்காமலே, எல்லாருக்கும் மைலுக்கு அரை நிமிடம் தாமே கூட்டிப் போட்டிருப்பதாகச் சொன்னார். எனக்கு அது போதவில்லை என்பது வேறு.

ஆகஸ்ட் 25, சனி, இரவு, சீசைடு

மூன்றாம் ஓட்டத்தைச் சொல்லாமல் தூங்க முடியாது.

ஒன்பதாம் எண்காரர் வந்ததும் நான் பட்டையோடு கிளம்பினேன். அவரை ஏற்றிக்கொண்டு வேன் அடுத்த இடத்துக்கு முன்னால் போய்விட வேண்டும். உச்சிவெயில், இரண்டு மணிநேரத் தூக்கம், மரக்கட்டையாகிவிட்ட கெண்டைக்கால். மைலுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது, மறைப்பானேன்? ஆனால் வளைவு ஒன்றைத் தாண்டியதும் வேன்களின் வரிசை அசையாமல் நிற்பதைக் கண்டேன். அந்த வரிசையின் ஓரமாக ஓடிக்கொண்டே போனால், நடுவில் எங்கள் வேன்! உள்ளே பதினோராம் எண்காரர் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், என் மணிக்கட்டைப் பார்த்தார், பழத்தைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து குதித்தார். கைமாற்றும் இடம் இன்னும் ஒன்றரை மைல் இருந்தது. எனக்கு முன்னால் அங்கே போய் நிற்பதற்காக, ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் ஓட, பின்னால் நான் ஓட, வரிசையில் நின்ற வேன்களெல்லாம் ஒலியெழுப்பின. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மூச்சு இரைக்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். இந்த முறை சரியாக அறைந்தேன்.

மூன்று மணியளவில் பன்னிரண்டாம் எண்காரரோடு எல்லாரும் மணலில் சேர்ந்து ஓடிக் கோட்டைத் தாண்டினோம். வேகமான அணிகள் பதினாறு மணி நேரத்துக்குள்ளேயே இதை ஓடி முடித்ததுண்டு. எங்களுக்கு முப்பத்திரண்டு ஆனது. 1806 குளிர்காலத்தில் லூயிஸ், கிளார்க் பயணக்குழுவினர் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்த ஊர் இது. கன்னத்தைத் தடவினால் எனக்கே ஒரு கைப்பிடி தேறும்.

வேன் வந்து சேர இன்னும் வெகுநேரம் ஆனது. வந்ததும் அணித்தலைவர் வண்ணப்பேனாவை எடுத்து, கண்ணாடியில் என் எண்ணுக்கு நேரே, இரண்டு நாளாகக் காலியாக இருந்த இடத்தில், சிறியதாக ஒரு வேனை வரைந்தார்.