பழைய அல்டெஸாவை டிரிஃப்ட் ஓட்டத் தயார் செய்த அனுபவம்

பின்சக்கரங்களை வழுக்கவிட்டு வண்டியைப் பக்கவாட்டில் ஓட்டும் டிரிஃப்ட் ஓட்டப் போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை குதிரைத்திறன்?” என்பதுதான். பழைய வண்டி வைத்திருப்பவர் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். தண்ணீர், ரப்பர், எண்ணெய், போல்ட் ஆகிய நான்கும் சரியாக இருந்தால் கம்பெனி கொடுத்த இன்ஜினே போதும். அவை சரியில்லாவிட்டால் எவ்வளவு பவர் ஏற்றினாலும் முதல் பத்து நிமிடத்தில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

என் வண்டி 2001-இல் பதிவான டொயோட்டா அல்டெஸா ஆர்எஸ்200. இரண்டு லிட்டர் 3எஸ்-ஜிஇ இன்ஜின், ஆறு கியர் மேனுவல், பின்சக்கர இயக்கம். புதிதாக வந்தபோது 210 பிஎஸ் (குதிரைத்திறன்). சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், இரண்டு முறை பத்தாண்டுக்குப் புதுப்பித்த வண்டி. சாலை வரிக்கு மேல் 50 விழுக்காடு கூடுதல் கட்டணம், ஆண்டுதோறும் பரிசோதனை என்று இந்த வயது வண்டிக்கு உள்ள எல்லாமே உண்டு. வாரநாளில் வேலைக்குப் போவதும் இதில்தான்.

சிங்கப்பூரில் இதற்கென்று நிரந்தரத் தளம் கிடையாது. சாங்கியில் பந்தயத் தளம் கட்டும் திட்டம் வந்தது, நின்றும் போனது. சாலையிலோ கார்நிறுத்தத்திலோ வாலை வீசிக் காட்டுவது குற்றம், பிறர் உயிருக்கும் ஆபத்து. அதை யார் செய்தாலும் எனக்குக் கோபம்தான் வரும். ஆகவே எல்லோரையும் போல நானும் மலேசியா போக முடிவு செய்தேன். சிப்பாங் பக்கம் புதியவர்களுக்கான பயிற்சி நாள் ஒன்றில் இடம் கிடைத்தது. எதைச் செய்தாலும் வண்டி அப்படியே ஆண்டுப் பரிசோதனையில் தேற வேண்டும், அப்படியே வீட்டுக்கும் ஓடி வர வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே உறுதி செய்துகொண்டேன்.

அந்த முடிவாலேயே பல ஆசைகள் அடிபட்டுப் போயின. ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் வேண்டாம். சத்தம் போடும் எக்ஸாஸ்ட் வேண்டாம். வளைவில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியலை வெல்டிங் செய்வது மலிவான வழி என்று பலர் சொன்னார்கள், மலிவுதான். ஆனால் பின்சக்கரம் இரண்டும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்நிறுத்தத்தில் மாடிக்கு மாடி வளைந்து ஏறும்போது உள்பக்கத்து டயர் தேய்ந்து கீச்சிட்டுக்கொண்டே வரும், அச்சுகளுக்கும் அடி. அதனால் வண்டியோடு வந்த டோர்சன் எல்எஸ்டியையே (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்) வைத்துக்கொண்டு, கியர் எண்ணெயை மட்டும் மாற்றினேன்.

முதலில் கூலிங். டிரிஃப்ட் ஓட்டும்போது இன்ஜின் ஐயாயிரம், ஆறாயிரம் சுற்றில் கத்திக்கொண்டிருக்கும். வண்டியோ ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் போகும். ரேடியேட்டருக்கு நேர்க்காற்று கிடைக்காது. நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லாத வண்டி இங்கே கொதிப்பது அதனால்தான். என் ரேடியேட்டரின் மேல்தொட்டிப் பிளாஸ்டிக் கறுப்பாக இருந்திருக்க வேண்டும், ஆனால் பழுப்பேறிக் கிடந்தது. ஹோஸ் சேரும் கழுத்தருகே நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தது. அது அடுத்து விரிசல் விடப்போகிற பிளாஸ்டிக். யோசிக்காமல் புது அலுமினிய ரேடியேட்டர் போட்டேன். கூடவே மேல், கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட், மூடி. மூடியைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. உள்ளே அழுத்தம் நிற்பதால்தான் தண்ணீரின் கொதிநிலை உயர்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி அழுத்தத்தை விட்டுவிடும். கூலன்ட் ஊற்றியபின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழி நிற்கும்வரை பொறுமையாகக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

டாஷ்போர்டு வெப்பமுள் நடுவில் நிற்பதை நான் நம்புவதில்லை. பல வண்டிகளில் அந்த முள் ஒரு பெரிய வெப்ப இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள், அது நகரும்போது காரியம் கெட்டிருக்கும். தண்ணீருக்கு ஒன்று, இன்ஜின் ஆயிலுக்கு ஒன்று என்று தனி கேஜ் மாட்டினேன். செலவழித்த பணத்தில் இதைப்போல் பலன் தந்தது வேறில்லை. டைமிங் பெல்ட்டின் வரலாறு தெரியாததால் அதையும் வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றினேன். அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும், அதோடு இன்ஜின் போய்விடும்.

அடுத்தது ரப்பர், அதாவது சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள். ஜோகூர் மாசாயில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஓர் அண்ணன், தானே பழைய நிசான் செஃபிரோவில் டிரிஃப்ட் ஓட்டுபவர். வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் இன்ஜின் பக்கமே அவர் பார்க்கவில்லை.

“பவர் எல்லாம் அப்புறம் தம்பி. இந்தப் புஷ்ஷப் பாருங்க.”

“இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸ் ஆயிடுச்சே அண்ணே?”

“அது நேரா ஓட்டுறதுக்கு. நீங்க சக்கரத்த முழுசா ஒடிச்சு வச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டர மிதிக்கப் போறீங்க. ரெண்டும் ஒண்ணா?”

என்னை உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை மெல்ல ஆட்டச் சொன்னார். அவர் கீழே, ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரேக்கின் மேல் கை வைத்துக்கொண்டார். பிறகு இடம் மாறி எனக்கும் காட்டினார். ஸ்டீயரிங் திரும்பியதும் முதலில் நகர்ந்தது சக்கரமல்ல, ரேக்கே பக்கவாட்டில் ஓர் இழை நகர்ந்தது. அதன் புஷ் அவ்வளவு தளர்ந்திருந்தது. சாலையில் இது தெரியவே தெரியாது. வால் வீசும்போது எதிர்ப்பக்கம் சட்டென்று ஒடிக்க வேண்டிய நொடியில் அந்த இழைதான் வண்டியைச் சுற்றிவிடும். ரேக் புஷ், முன் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் முனை எல்லாம் புதிது போட்டோம். சக்கரத்தின் சாய்வை மாற்றும் கேம்பர் போல்ட்டுகள் துருப்பிடித்துப் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்ததால், சிலவற்றை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. பழைய வண்டிக்கு அலைன்மென்ட் செய்யப்போகிறவர்கள் புது போல்ட்டுகளைக் கையோடு வாங்கிக்கொண்டு போவது நல்லது.

அலைன்மென்ட்டில் முன்சக்கரங்களுக்கு நெகட்டிவ் கேம்பர் (மேல்பக்கம் உள்நோக்கிய சாய்வு) கூடுதலாகவும், பின்சக்கரங்களை முடிந்தவரை நேராகவும், துளி டோ-இன்னோடும் (முன்பக்கம் சற்று உள்நோக்கி) வைத்தோம். சாலை டயரையும் காப்பாற்ற வேண்டுமே.

ஹேண்ட்பிரேக்குக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. அல்டெஸாவில் பின் டிஸ்க்குக்குள் சின்ன டிரம் ஒன்று இருக்கிறது, ஹேண்ட்பிரேக் பிடிப்பது அதன் ஷூவைத்தான். லீவர் தளர்ந்தால் பலரும் கேபிளைத்தான் இறுக்குவார்கள். முதலில் ஷூவைச் சரிசெய்ய வேண்டும். டிஸ்க்கின் ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் பற்கள் வைத்த சின்னச் சக்கரம் தெரியும். தட்டை ஸ்க்ரூடிரைவரால் அதை ஒவ்வொரு பல்லாகத் தள்ளி, டிஸ்க் கையால் திருப்ப முடியாதபடி இறுகியதும், உரசல் நிற்கும்வரை சில பல் பின்னால் விட வேண்டும். கேபிள் அதற்கப்புறம். பளபளத்துப்போன ஷூவை மணல்தாளில் தேய்த்தும் வைத்தோம். ஒரு பாகமும் புதிதாக மாற்றாமலே பின்சக்கரம் டக்கென்று நின்றது.

பிரேக் ஆயிலைப் புது டாட் 4-க்கு மாற்றினேன். புதிதில் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும் ஆயில், ஈரம் குடித்துவிட்டால் 155 வரை இறங்கலாம், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் எல்லாம் வழக்கமான வேலைகள்.

டயரில் பணத்தைக் கொட்ட வேண்டாம். முன்னால் நல்ல பிடிப்புள்ள டயர், பின்னால் ஜோகூரில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் டயர். வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் நன்றாக இருக்கிறது என்று பத்து வயது டயரை வாங்கினால் அது தேயாது, பிய்ந்து போகும்.

காகித வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள் நுழைவதற்கான விஇபி அனுமதி ஒட்டியிருக்க வேண்டும். சிங்கப்பூரை விட்டுப் போகும்போது டேங்க் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். அங்கே நம் வண்டிக்கு ரான் 95 பெட்ரோல் போடக்கூடாது, 97-தான். எல்லாவற்றையும் விட முக்கியமானது காப்புறுதி. மேற்கு மலேசியச் சாலையில் ஓட்டுவதற்குப் பொதுவாகச் செல்லும் பாலிசி, பந்தயத் தளத்துக்குள் நடப்பதற்குச் செல்லாது. இடித்தால் கைக்காசுதான் என்று தெரிந்தே உள்ளே போனேன்.

பயிற்சி நாளன்று காலை தளத்துப் பரிசோதகர் பேட்டரியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். எங்காவது ஒழுகுகிறதா, இழுகொக்கி இருக்கிறதா, தீயணைப்பான் இறுக்கமாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார். கால்மிதி உட்பட உள்ளே உதிரியாக எதுவும் இருக்கக்கூடாது. வீல் நட்டை 103 நியூட்டன் மீட்டரில் இறுக்கியிருந்தேன், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் மறுபடி பார்த்தேன்.

முதலில் ஈரத்தரையில் வட்டம், பிறகு எட்டு. ஈரத்தில் வண்டி இஷ்டத்துக்கு வழுக்கும், பயம் போகும். காய்ந்த தரைக்கு வந்ததும் ஆயில் வெப்பம் ஏற ஆரம்பித்தது. முள் 120 டிகிரியைத் தொட்டதும் வெளியே வந்து, நிறுத்தாமல் மெதுவாகச் சுற்றி ஆறவிட்டு மறுபடி போனேன். தண்ணீர் வெப்பம் கடைசிவரை அசையவில்லை. பிரச்சினை கொடுத்தது பவர் ஸ்டீயரிங். ஓயாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்ததில் ஆயில் சூடேறி மூடி வழியே பொங்கியது. மூடியைச் சுற்றித் துணி கட்டி, அளவைச் சற்றுக் குறைத்து வைத்ததும் நின்றது. பக்கத்து வண்டிக்காரரும் அதேபோல் கட்டியிருந்தார். மதியத்துக்கு மேல் எட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வண்டி நிற்காமல் வால் மாறிப் போனபோது ஹெல்மெட்டுக்குள் சத்தமாகக் கத்தினேன். அந்த மகிழ்ச்சிக்காக இத்தனை வேலையும் திரும்பச் செய்வேன்.

மாலையில் சாலை டயரை மாட்டி, போல்ட்டுகளைப் பார்த்து, ஏசி போட்டுக்கொண்டு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வீடு வந்தேன். அடுத்த வாரமே எல்லா ஆயிலையும் மாற்றினேன். பின்னர் வந்த ஆண்டுப் பரிசோதனைக்கு எதையும் கழற்றாமல் கொண்டுபோனேன், தேறியது. இப்போது பவர் ஸ்டீயரிங்குக்குச் சின்னதாக ஒரு கூலர் தேடிக்கொண்டிருக்கிறேன். வெட்டி வரும் பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் பூட்டும் டூ-வே எல்எஸ்டி வந்தால் சொல்லுங்கள் என்று மாசாய் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.