டெக்குக்குக் கைப்பிடி போட்ட கதை

வீட்டுக்கு வெளியே மரத்தால் கட்டும் மேடைதான் டெக். அதற்குத் தளப்பலகை அடித்து முடித்த அன்றே பார்பிக்யூ அடுப்பைத் தூக்கி மேலே வைத்துவிட்டோம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஏஜாக்ஸில் கோடை எத்தனை நாளைக்கு? ஆனால் நகரசபைப் பெர்மிட் இன்னும் முடியவில்லை. ஒன்ராறியோ கட்டட விதிப்படி, டெக் நிலத்திலிருந்து 600 மில்லிமீற்றருக்கு மேலே இருந்தால் ஓரத்தில் விழாமல் தடுக்கும் கைப்பிடி கட்டாயம். எங்களுடையது ஒரு மீற்றரைத் தாண்டுகிறது. 1.8 மீற்றர் வரையான டெக்குக்குக் கைப்பிடியின் உயரம் குறைந்தது 900 மில்லிமீற்றர்; அதற்கு மேலென்றால் 1070.

கைப்பிடியை அலங்காரம் என்று நினைப்பவர்கள் தூணில் ஒருமுறை சாய்ந்து பார்க்க வேண்டும். மேலே ஒருவர் சாயும்போது அந்த இழுவை முழுவதும் அடியில் இருக்கும் போல்ட்டுக்குத்தான் வருகிறது. போல்ட் அசையாமல் இருந்தாலும் அது பிடித்திருக்கும் ஓரச் சட்டம், அதாவது டெக்கின் விளிம்பில் ஓடும் மரம், திரும்பிவிடும். அதனால் ஒவ்வொரு 4x4 தூணையும் ஓரச் சட்டத்தின் உட்பக்கம் நிறுத்தி, இரண்டு அரை அங்குல போல்ட் போட்டு, பின்னால் குறுக்குக் கட்டைகளை வைத்து இறுக்கினேன். தூணைச் செதுக்கிப் பொருத்தினால் பார்க்க அழகுதான், ஆனால் பலம் வேண்டிய இடத்திலேயே மரம் மெலிந்துவிடும். நான் செதுக்கவில்லை.

அடுத்தது இடைவெளி. 100 மில்லிமீற்றர் உருண்டை எந்த இடத்திலும் நுழையக் கூடாது. அது நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கடையில் 2x2 என்று விற்கும் சட்டம் உண்மையில் ஒன்றரை அங்குலம்தான். என் தூண்களுக்கு நடுவே 68½ அங்குலம். 13 சட்டத்துக்கு 19½ போக மிச்சம் 49. அதை 14 இடைவெளிக்குப் பிரித்தால் சரியாக மூன்றரை. 2x4 துண்டின் உண்மையான அகலமும் மூன்றரை! அளவு நாடாவைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, அந்தத் துண்டை நடுவில் வைத்து வைத்தே அடித்துக்கொண்டு போனேன். நான்கு அங்குலத்தை ஒட்டி வைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உக்காமல் இருக்க மருந்தேற்றிய மரம் கடையிலிருந்து ஈரமாகத்தான் வரும். காயக் காயச் சட்டம் மெலியும், இடைவெளி கூடும்.

பக்கத்து வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “தம்பி, இதுக்குள்ளால என்ர பேத்தியின்ர தலை போகாதுதானே?”

“போகாது அண்ணை. படுக்கையாச் சட்டம் அடிச்சிருந்தா ஏறி விழுந்திருப்பா. அதுதான் நிறுத்தி அடிக்கிறன்.”

அடிப்பக்கத்தை மூடுவது சின்ன வேலை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இங்கே ரக்கூன், ஸ்கங்க் போன்ற காட்டு மிருகங்கள் டெக்குக்குக் கீழே குடியேறிவிடும். உள்ளே ஏதாவது இருக்கும்போது அடைத்தால் அது அங்கேயே சாகும், நாற்றம் உங்களுக்கு. வசந்தத்தில் குட்டி இருக்கும், அப்போது கை வைக்கவே வேண்டாம். நான் கோடை முடியும்வரை பொறுத்திருந்து, நுழைவழியில் பழைய பேப்பரைத் தளர்வாகச் சுருட்டி அடைத்தேன். சில இரவுகள் கழித்தும் அது கலையாமல் இருந்த பிறகுதான் வேலை தொடங்கினேன்.

அரை அங்குலக் கண்ணுள்ள நாகமுலாம் பூசிய கம்பி வலையை மண்ணுக்குள் இறக்கி, கீழ்ப்பகுதியை வெளிப்பக்கமாக ஓரடி மடித்துப் புதைத்தேன். தோண்டிப் பார்க்கும் மிருகம் வலையில் முட்டித் திரும்பிவிடும். வலைக்கு முன்னால் பலகைகளை நிறுத்தி, நடுவே காற்றுப் போக இடம் விட்டேன். பலகையின் அடி மண்ணைத் தொடவில்லை. தொட்டால் உக்கிப்போகும், பனிக்காலத்தில் உறைந்த நிலம் எழும்பிப் பலகையையும் தள்ளும். ஒரு மூலையில் பிணைச்சல் போட்ட சிறு கதவு வைத்தேன், பந்து உருண்டு போனால் எடுக்க வேண்டுமே.

வெட்டிய முனைகளுக்கெல்லாம் மரக்கடையில் விற்கும் பச்சை மருந்தைப் பூசுங்கள். ஆலையில் ஏற்றிய மருந்து மரத்தின் நடுவரை போவதில்லை. இன்ஸ்பெக்டர் வந்து கைப்பிடியைப் பிடித்து உலுக்கி, இடைவெளியை அளந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடிப்பக்கத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மரத்துக்கு நிறம் கொடுக்கும் ஸ்டெயின் இன்னும் பூசவில்லை. பலகையில் தண்ணீர் தெளித்தால் முத்தாக நிற்கிறது. மரம் அதை உள்ளே இழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஸ்டெயின் வாளியைத் திறப்பேன்.