முதலில் செடிக்கு வேலி, தோட்டத்துக்கு அப்புறம்

தென்காசி மாவட்டத்தில் மேக்கரை, வடகரை, பண்பொழி, புளியரை பக்கம் வீட்டைச் சுற்றிப் பூச்செடி வைத்திருப்பவர்களுக்கு மாசி பிறந்தாலே தலைவலிதான். அடிவாரத்தில் புல் காய்ந்து கருகிவிடும். நாம் தண்ணீர் விட்டு வளர்க்கும் செம்பருத்தியும் ரோஜாவும் மட்டும் பசேலென்று நிற்கும். ராத்திரியோடு ராத்திரியாக மான் வந்து கொழுந்தை உருவிவிட்டுப் போய்விடும். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, அச்சன்கோவிலிலும் இதே பாடுதான். உடனே எல்லோரும் கேட்பது, தோட்டம் முழுக்க வேலி போட எவ்வளவு ஆகும் என்று. பத்துப் பதினைந்து செடி வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு வேண்டாத செலவு.

முதலில் மேய்ந்தது மான்தானா என்று பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. அதனால் கடித்து நறுக்காது, இழுத்துக் கிழிக்கும். தண்டின் நுனி நார் நாராகப் பிய்ந்து தொங்கும். கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் அது முயல். வேரைத் தோண்டிக் கொறித்திருந்தால் முள்ளம்பன்றி, மண்ணையே உழுது போட்டிருந்தால் காட்டுப்பன்றி. ஆடும் மானைப் போலத்தான் கிழிக்கும் என்பதால், பக்கத்து வீட்டு ஆட்டைக் கணக்கில் சேர்க்காமல் மான்மேல் பழி போடாதீர்கள். விடிந்ததும் ஈர மண்ணில் தடம் பாருங்கள். ஆட்டுக் குளம்பு அளவில், கொஞ்சம் கூர்மையாக இருந்தால் புள்ளிமான். கன்றுக்குட்டிக் குளம்பு அளவுக்கு இருந்தால் மிளா என்னும் பெரிய மான். இந்த வித்தியாசம் முக்கியம். புள்ளிமான் உயரம் குறைவு, அதற்கு எட்டுவதும் குறைவு. மிளா தரையில் நின்றபடியே ஆறடிக் கிளையை எட்டிவிடும்.

இனி ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியாகப் போடும் கம்பிவலைக் கூண்டு. 2 அங்குலக் கட்டம் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். புள்ளிமான் மட்டும்தான் வருகிறது என்றால் 5 அடி அகல ரோல் போதும், மிளாவும் வந்தால் 6 அடி. 4 அங்குலக் கட்டம் விலை குறைவுதான். ஆனால் அதற்குள் மூக்கை நுழைத்து இலையைப் பிடித்துவிடும். மூன்றடி விட்டமுள்ள வட்டத்துக்குச் சுற்றளவு ஒன்பதரை அடி ஆகும். ஒன்றன்மேல் ஒன்று ஏற அரை அடி சேர்த்துப் பத்தடியாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு செடிக்கு மூன்று சவுக்குக் கம்பு. ஒவ்வொன்றும் ஒன்றரை அடி மண்ணுக்குள் போக வேண்டும். கூண்டுக்கு உள்பக்கம் கம்பை நட்டு, கட்டுக்கம்பியால் மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் முறுக்குங்கள். வெளியே நட்டால், மான் உரசித் தள்ளும்போது வலை கம்பைவிட்டுக் கழன்று உள்ளே சாயும். வெட்டிய கம்பி முனைகளை உள்நோக்கி மடக்கிவிடுங்கள்.

எல்லோரும் கோட்டை விடும் இடம் அடிப்பாகம். மான் தாண்டும் என்றே பயப்படுகிறோம். ஆனால் கீழே இடுக்கு கிடைத்தால் அது தாண்டிப் பார்க்காது. தலையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு நுழையத்தான் பார்க்கும். கெட்டிக் கம்பியை 'ப' வடிவில் வளைத்து, ஒரு அடி நீளமுள்ள காலாக, இரண்டடிக்கு ஒன்று வலையின் அடிவிளிம்பில் அறையுங்கள். வலையின் இரண்டு முனையும் சேரும் இடத்தை மட்டும் கட்டாமல் இரண்டு கொக்கி மாட்டிவிட்டால் களை எடுக்கவும் பூப்பறிக்கவும் அதுவே வாசல். இலைநுனிக்கும் வலைக்கும் நடுவே எப்போதும் ஒரு அடி இடைவெளி இருக்கட்டும். வலையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கிளை மானுக்குப் படையல்தான்.

செடி ஆறடிக்கு மேல் வளர்ந்து தண்டும் முற்றியபின் கூண்டைக் கழற்றி அடுத்த கன்றுக்கு மாற்றலாம். ஆனால் அடித்தண்டைச் சுற்றி நாலடி உயரத்துக்கு ஒரு வலைத்துண்டு நின்றால் நல்லது. கிடா மான் கொம்பில் உள்ள தோல் உரியும் காலத்தில் மரம் செடி என்று பார்க்காமல் தேய்க்கும். கைத்தடி மொத்தமுள்ள தண்டு என்றால் பட்டை சுற்றிலும் உரிந்து, மேலே உள்ள செடி முழுக்கக் காய்ந்துவிடும். பவளமல்லிக்கு இந்த ஆபத்து உண்டு.

செடிகள் நெருக்கமாக நிற்கும் பாத்தி என்றால் ஒற்றை வேலி எட்டடி உயரம் வேண்டும். அதற்குப் பதிலாக நாலடி உயரத்தில் இரண்டு வேலி, நடுவே நாலடி இடைவெளி. உயரத்தை மான் தாண்டிவிடும், அகலத்தையும் தாண்டிவிடும். இரண்டையும் ஒரே எட்டில் தாண்டுவது அதற்குக் கடினம், கால் ஊன்றும் இடம் புரியாமல் தயங்கும். நடுவில் உள்ள இடத்தில் அரளி வைத்துவிட்டால் அந்த இடமும் வீணாகாது. முள்கம்பி மட்டும் வேண்டவே வேண்டாம். பாய்கிற மானின் வயிறு கிழியும்.

பச்சை நிழல்வலை கட்டுவதும் ஒரு வழிதான். மறுபக்கம் தெரியாவிட்டால் மான் குதிக்கத் தயங்கும். ஆனால் நம் பக்கம் ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றை மறந்துவிட்டுத்தான் பலர் கட்டுகிறார்கள். நெருக்கமான வலை பாயைப்போல் விரிந்து, கம்பையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். கட்டுவதானால் 50 சதவீத நிழல் தரும் வலையாக, இரண்டரை அடிக்கு ஒரு முடிச்சாகக் கட்டுங்கள். சாரல் தொடங்குமுன் சுருட்டி வைத்துவிடுங்கள். பழைய மீன்வலை, தளர்ந்த நைலான் வலை ஆகியவற்றைத் தொடவே தொடாதீர்கள். கொம்பு சிக்கிக்கொண்டால் மான் துள்ளித் துள்ளியே செத்துவிடும். சிக்கிய மானைக் கண்டால் நெருங்காமல், கூட்டம் கூட்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மிரண்ட மிளாக் கிடா ஆளைக் குத்தும்.

தெளிப்புகளில் உருப்படியானது முட்டைக் கரைசல். நாலு முட்டையை உடைத்து நன்றாக அடித்து, 800 மில்லி தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வரும். அதை வேட்டித் துணியில் வடிகட்டியே ஆகவேண்டும். வெள்ளைக்கருவில் உள்ள நூல்போன்ற பகுதி தெளிப்பானின் மூக்கை அடைத்துவிடும். இலையில் ஒட்ட ஒரு தேக்கரண்டி காதி சோப்புக் கரைசல். ஈரமில்லாத இலையில், சாயங்காலம் தெளியுங்கள். காய்ந்தபின் நம் மூக்குக்கு வாடை தெரியாது, மானுக்குத் தெரியும். அழுகும் இறைச்சி வாடை அதற்கு ஆகாது. பூவிலும் மொட்டிலும் படாமல் இலைக்கு மட்டும் அடியுங்கள். சாமிக்கு வைக்கிற பூவில் முட்டை வாடை அடித்தால் வீட்டில் வேறு பஞ்சாயத்து கிளம்பும். முட்டை பிடிக்காதவர்கள் சாணிப்பால் தெளிக்கலாம். ஒரு கிலோ பச்சைச் சாணி, பத்து லிட்டர் தண்ணீர், வடிகட்டி விளக்குமாற்றால் தெளிக்க வேண்டியதுதான். சாலையோரக் கன்றை ஆட்டிடமிருந்து காப்பாற்ற ஊரில் எல்லோரும் செய்வதுதான் இது.

எந்தத் தெளிப்பும் அடித்த இலையைத்தான் காக்கும். பதினைந்து நாளில் முளைக்கிற புதுக்கொழுந்துக்கு மறுபடி அடிக்க வேண்டும். மாசி முதல் சித்திரைவரை இது கட்டுப்படியாகும். சாரல் மாதங்களில் காலையில் அடித்தது மதியமே கழுவிப் போய்விடும். அப்போது கூண்டுதான் கதி. சோப்புக்கட்டியைக் கட்டித் தொங்கவிடச் சொல்லும் வெளிநாட்டு யோசனை மாட்டுக்கொழுப்பில் செய்த சோப்புக்கானது. நம் கடைச் சோப்பு பெரும்பாலும் பாமாயில். அதைத் தொங்கவிட்டுப் பயனில்லை.

வேலிக்கு வெளியே எதை வைக்கலாம் என்றால், ஆடு திங்காததை மானும் பெரும்பாலும் திங்காது. அரளி, நந்தியாவட்டை, நொச்சி, ஆடாதொடை, துலுக்கச் சாமந்தி எல்லாம் ஓரளவு தப்பும். 'ஓரளவு' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கடும் கோடையில் பசித்த மான் நந்தியாவட்டைக் கொழுந்தையும் ஒரு கை பார்க்கும். செம்பருத்தி, ரோஜா, இட்லிப்பூ மூன்றும் கூண்டுக்குள்தான். ரோஜாவின் முள் கொழுந்தைக் காக்காது, முற்றாத முள் மெத்தென்றுதான் இருக்கும். உண்ணிச்செடியை மட்டும் வேலிக்கு நடாதீர்கள். காட்டுக்குள் பரவி மானின் புல்லையே அழிப்பது அதுதான்.

மினுக்கும் விளக்கு, சோளக்கொல்லைப் பொம்மை, ரேடியோ எல்லாம் சில நாளில் மானுக்குப் பழகிவிடும். நாயைக் கட்டிவைத்தால் சிறுத்தைக்கு விருந்து. அவிழ்த்துவிட்டால் துரத்தியே மானைக் கொன்றுவிடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைத்துப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். வீட்டுக் கரண்டை நேராக வேலியில் கொடுப்பது மனிதக் கொலையில் முடியும். சோலார் மின்வேலிக்கும் 2023-இல் வந்த தமிழ்நாட்டு விதிகள் உண்டு. வன அலுவலகத்தில் கேட்காமல் போடாதீர்கள். யானை வழித்தடத்தில் எந்த வேலியும் நிற்காது, அது வேறு கதை.

மேய்ந்துபோன செம்பருத்தியைப் பிடுங்கிப் போட வேண்டியதில்லை. கிழிந்த நுனியைக் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே கூரான கத்திரியால் வெட்டிவிட்டால் கீழ்க்கணுவிலிருந்து துளிர்க்கும். அந்தச் சமயத்தில் யூரியா போடாதீர்கள். கொழுகொழுவென்று வரும் கொழுந்துதான் மானை மறுபடி இழுக்கும். மட்கிய தொழுவுரம் இரண்டு கை போதும். துளிர் எட்டிப் பார்ப்பதற்குள் கூண்டு நின்றிருக்க வேண்டும்.