ஆல்பத்தைப் பார்த்து ஆளைப் பிடித்த கதை

தங்கச்சி கல்யாணத்துக்கு போட்டோகிராஃபர் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஆவணியில் முகூர்த்தம். ஆடியிலேயே மதுரையில் நாலு ஸ்டுடியோ ஏறி இறங்கினேன். ஆடியில் அவர்களுக்குக் கல்யாண வேலை கிடையாது. உட்கார வைத்து காபி வாங்கிக் கொடுத்துப் பேசுவார்கள், விலையும் இறங்கும். அதுவரைக்கும் நான் செய்தது சரிதான்.

ஏமாந்தது ஆல்பத்தில். மேசை மேல் இருந்தது பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கி எடுத்த படங்கள். எல்லாமே நல்ல பகல் வெளிச்சம். எங்களுக்கோ காலை 4.30 - 6.00 முகூர்த்தம், கூரை தாழ்ந்த மண்டபம், மேடைக்குப் பின்னால் கலர் மாறும் விளக்கு. இதே மாதிரி மண்டபத்தில் எடுத்த ஒரே ஒரு கல்யாணத்தை முதல் படத்திலிருந்து கடைசிவரை காட்டச் சொல்லியிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேண்டிட் (போஸ் கொடுக்காமல் இயல்பாக எடுப்பது), டிரெடிஷனல் (நிற்க வைத்து எடுப்பது), வீடியோ, ஆல்பம் எல்லாம் சேர்த்து 85 ஆயிரம் பேசி, 30 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

கல்யாணத்தன்று, பேசிய ஆள் வரவில்லை. பெரிய முகூர்த்த நாளாம், அவருக்கு அன்றைக்கு மூன்று மண்டபம். இரண்டு பையன்களை அனுப்பியிருந்தார். "முகூர்த்தம் எத்தனை மணிக்குண்ணே?" என்று ஒருவன் என்னிடமே கேட்டான். அப்போதே வயிற்றைக் கலக்கியது.

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். எங்கள் வழக்கத்தில் மற்ற இரண்டு முடிச்சும் நாத்தனார் போடுவது. ஸ்டில் எடுத்த பையன் முதல் முடிச்சோடு கேமராவை இறக்கி, படம் விழுந்ததா என்று திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கையில் அட்சதையோடு கீழேயிருந்து கத்தினேன். கெட்டிமேளத்தில் யாருக்குக் கேட்கும்?

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க 3,200 படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அக்கா போன் செய்தார். "நான் போட்ட முடிச்சு ஒண்ணுல கூட இல்லையே தம்பி."

நல்லவேளை, வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஸ்டுடியோவில் எடிட் செய்ததைத்தான் தருவோம், ஒரிஜினல் தரும் வழக்கமில்லை என்றார்கள். சித்தப்பா சொன்னார் என்று 20 ஆயிரம் பாக்கி வைத்திருந்தேன். ஒரிஜினல் கைக்கு வந்தால்தான் பாக்கி என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். என் ஹார்ட் டிஸ்கையே கொண்டுபோய் ஏற்றி வந்தேன். 4கே வீடியோவில் ஒரு ஃப்ரேமை நிறுத்திப் படமாக எடுத்தால் 8 மெகாபிக்சல் வரும். ஆல்பத்தில் ஒரு பக்கத்துக்குத் தாராளம்.

அதோடு முடிந்ததா? நான் 40 ஷீட் என்று நினைத்திருந்தேன், பில்லில் 40 பக்கம், அதாவது 20 ஷீட். கூடுதல் ஷீட்டுக்குத் தனிக் காசு. எழுதி வாங்கும்போது ஷீட் கணக்கில் எழுதி வாங்குங்கள். அன்றைக்கு வரப்போகிற ஆளின் பெயரும் அதே தாளில் இருக்கட்டும். அந்த ஆளையே நேரில் பார்த்து, கேமராவில் இரண்டு மெமரி கார்டு போட்டு இரண்டிலும் பதிவு செய்வாரா என்று கேளுங்கள். ஒன்று மக்கர் செய்தாலும் மற்றது இருக்கும்.

ஆல்பம் தை மாதம் வந்தது. அக்கா நேராக அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினார். "கை கொஞ்சம் கலங்கலா இருக்கு தம்பி" என்றார். சொல்லிக்கொண்டே அதை செல்போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார்.