அம்மாவோட கண்ணிமை வீக்கமும் பிபி மாத்திரையும்

மார்ச் மாசம் ஒருநாள் காலைல அம்மா எழுந்து வந்தப்ப இடது கண்ணத் தெறக்கவே முடியல, மேல் இமை பொத்துனு வீங்கிக் கெடந்துச்சு. பூச்சி ஏதாச்சும் கடிச்சிருக்கும்னு விட்டுட்டோம், ரெண்டு நாள்ல தானா வத்திடுச்சு. அடுத்த மாசம் வலது கண்ணு, அப்புறம் ரெண்டும். கண்கட்டின்னா ஒரு இடத்துல கட்டியா இருந்து வலிக்கும், இதுல வலியும் இல்ல செவப்பும் இல்ல.

பக்கத்து க்ளினிக்ல அலர்ஜின்னு செட்ரிசின் குடுத்தாங்க, கேக்கல. சொந்தக்காரங்க எல்லாம் கரப்பான் பண்டம்னு சொல்லி கத்திரிக்கா, கருவாடு, எறால்னு ஒண்ணொண்ணா நிறுத்த வச்சாங்க, அம்மா பாவம் ரசஞ்சோத்துலயே ஓட்டுனாங்க. காலைல வீங்குனா கிட்னியா இருக்கலாம்னு யூரின்ல புரோட்டீன் பாத்தோம், தைராய்டு பாத்தோம், எல்லாம் நார்மல். எனக்கு பயம்தான் கூடுச்சு.

நாலாவது தடவ வேற டாக்டர். அவர் கேட்ட மொத கேள்வியே "அரிச்சுதாம்மா? உடம்புல தடிப்பு எதும் வந்துச்சா?" அம்மா "இல்ல சார், இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கும், அவ்ளோதான்"னாங்க. உடனே சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் காட்டச் சொன்னார். அதுல எனலாப்ரில், பிபிக்கு மூணு வருஷமா சாப்பிடுறது. மூணு வருஷம் ஒண்ணும் பண்ணாதது இப்ப எப்படி சார்னு கேட்டேன், வருஷக்கணக்கா சாப்பிட்டப்புறமும் திடீர்னு வரும்னார். அந்த மாத்திரை தடுக்குற என்சைம்தான் பிராடிகைனின்ங்குற பொருளையும் ஒடைக்குது, அது ஒடையாம சேந்தா சின்ன ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசியுது, இமைத்தோல் ரொம்ப மெல்லிசு, அதான் அங்க பொசுக்குனு தெரியுது. செட்ரிசின் அலர்ஜில உடம்பு விடுற ஹிஸ்டமினுக்குத்தான், இதுக்கு வேல செய்யாது. ஒரு வருஷமா அம்மாவுக்கு இருந்த வறட்டு இருமலும் இதே மாத்திரையாலதானாம், நாங்க ஃபேன் காத்துன்னு நெனச்சிருந்தோம்.

வேற மாத்திரை மாத்தி, எனலாப்ரிலும் அதே வகையைச் சேந்த ராமிப்ரில், லிசினோப்ரில் எதுவும் இனிமே கூடாதுன்னு ஃபைல்ல செவப்புல எழுதிக் குடுத்தார். நிறுத்துனப்புறமும் கொஞ்ச நாள் வரலாம்னார், ஒரு தடவ லேசா வந்துச்சு. நாக்கு வீங்குனாலோ, குரல் மாறுனாலோ, மூச்சு முட்டுனாலோ ஒரு நிமிஷம்கூட காத்திருக்காம எமர்ஜென்சிக்கு ஓடணுமாம், அதக் கேட்டப்ப கை நடுங்கிடுச்சு எனக்கு. இத்தன மாசம் அதே மாத்திரையத்தான நான் தெனமும் எடுத்துக் குடுத்தேன். இதப் படிச்சுட்டு யாரும் நீங்களா பிபி மாத்திரைய நிறுத்திடாதீங்க, அட்டையோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டிக் கேளுங்க.

போன ஞாயித்துக்கெழம வீட்ல கருவாட்டுக் கொழம்பு. அம்மா ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டாங்க.