நான்கு பேர், ஒரே மொத்தச் சீட்டு

ஆசிரியர்களுக்குப் பேரலல் கம்ப்யூட்டிங்கை, அதாவது ஒரு வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் பல பிராசசர்களில் செய்வதை, அறிமுகப்படுத்தும் பயிற்சியில் முதல் ஒரு மணி நேரம் கணினியைத் திறக்கவே வேண்டாம். மேசைக்கு 40 தாள் போதும். ஒவ்வொரு தாளிலும் பத்துக் கேள்விகளுக்கான மதிப்பெண் எழுதியிருக்க வேண்டும். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

முதலில் ஒருவரே 40 தாளையும் கூட்டட்டும். பிறகு இரண்டு பேர், அதன் பிறகு நான்கு பேர். ஆன நேரத்தைக் கரும்பலகையில் எழுதிவர வேண்டும். நான்கு பேர் உட்கார்ந்தால் நேரம் கால்வாசியாகிவிடும் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆகாது. தாளைப் பங்கு போடக் கொஞ்சம் நேரம் போகும். கடைசியில் நான்கு தொகையையும் ஒருவர் கூட்டும்போது மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் எடுத்துச் சொன்ன வரம்பு இதுதான். வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க முடியாது என்றால் நான்கு பேரால் கிடைப்பது சுமார் 3.1 மடங்கு வேகம், 16 பேரால் 6.4 மடங்கு. எத்தனை பேர் வந்தாலும் 10 மடங்கை எட்ட முடியாது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் நேரங்கள் ஏறிய பிறகுதான் எழுத வேண்டும். சூத்திரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது தேர்வுக்கான மனப்பாடமாகச் சுருங்கிவிடும்.

அடுத்த சுற்றுதான் முக்கியம். நடுவில் ஒரே ஒரு மொத்தச் சீட்டை வையுங்கள். ஒரு தாளைக் கூட்டி முடித்தவர் சீட்டைப் பார்த்து, தன் தொகையை மனதில் சேர்த்து, புதிய மொத்தத்தை எழுத வேண்டும். சீட்டில் 120 இருக்கிறது. கையில் 35 உள்ளவரும் 28 உள்ளவரும் ஒரே நேரத்தில் அந்த 120ஐப் பார்க்கிறார்கள். முதலாமவர் 155 என்று எழுதுகிறார். அடுத்தவர் அதை அடித்துவிட்டு 148 என்று எழுதுகிறார். வரவேண்டியது 183. முதலாமவரின் 35 மதிப்பெண் எங்கேயோ போய்விட்டது, யாரும் கூட்டலில் தப்புச் செய்யவில்லை. ரேஸ் கண்டிஷன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் சீட்டைத் தொடலாம் என்று விதி போட்டால் விடை சரியாகும், ஆனால் வரிசை நிற்கும். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டு கடைசியில் ஒருமுறை சேர்த்தால் விடையும் சரி, வேகமும் சரி. ஒரு நிரலைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்ட உதவும் ஓப்பன்எம்பியில் ரிடக்‌ஷன் செய்வது இந்த மூன்றாவது வழியைத்தான்.

கணினிக்கு வந்ததும் இதே தவறைச் செய்யவிட வேண்டும். பை (π) என்ற கணித மாறிலியின் மதிப்பைக் கணக்கிடும் நிரல் இதற்குத் தோதானது: 4ஐ (1 + எக்ஸ் வர்க்கம்) என்பதால் வகுத்து, 0 முதல் 1 வரை வளைகோட்டின் கீழுள்ள பரப்பைக் கூட்டினால் 3.14159 வரும். விடை எல்லோருக்கும் தெரியும் என்பதால் தவறு உடனே கண்ணில் படும். ரிடக்‌ஷன் இல்லாமல் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வரும். கம்பைலரின் ஆப்டிமைசேஷனை (நிரலை வேகப்படுத்தும் வசதியை) அணைத்துவிட்டு இதைக் காட்டுங்கள். போட்டிருந்தால் பிழை சில சமயம் ஒளிந்துகொள்ளும். ரிடக்‌ஷன் சேர்த்த பின்னும் கடைசி ஓரிரு தசம இலக்கங்கள் மாறலாம். கூட்டும் வரிசை மாறுவதால் வரும் வித்தியாசம் அது, பிழையல்ல. இதை அங்கேயே சொல்லாவிட்டால் மாணவர்கள் குழம்பிப்போவார்கள்.

பரப்பைப் பிரிக்கும் துண்டுகளின் எண்ணிக்கையை 1,000 என்று வைத்தால் நான்கு திரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை ஓட்டம்) ஒன்றைவிட மெதுவாகவே ஓடும், ஏனென்றால் திரெட்களை எழுப்பும் செலவு வேலையைவிடப் பெரியது. 10 கோடி வைத்தால்தான் பலன் தெரியும். இரண்டையும் ஓட்டிக் காட்டுவது நல்லது.

நேரம் அளப்பதில் பெரும்பாலானோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. லினக்ஸில் சி மொழியின் கிளாக் ஃபங்ஷன் எல்லாத் திரெட்களின் சிபியு நேரத்தையும் சேர்த்துச் சொல்லும். நான்கு பேர் பத்து நிமிடம் உழைத்தால் 40 நிமிடம் என்று எழுதுவதைப் போன்றது இது. நிரல் வேகமாகியிருக்கும், எண் மட்டும் அசையாது. ஓப்பன்எம்பியின் சொந்தக் கடிகாரத்தை, அதாவது சுவர்க் கடிகார நேரத்தைத்தான் எடுக்க வேண்டும். லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டே அளக்க வேண்டும், பேட்டரியில் வேகம் குறைந்துவிடும். எட்டு கோர் (பிராசசருக்குள் இருக்கும் கணக்கிடும் அலகு) என்று காட்டும் இயந்திரத்தில் உண்மையான கோர் நான்காகவே இருக்கலாம், அதில் எட்டு மடங்கை எதிர்பார்க்கக் கூடாது. பைத்தானில் பழகியவர்கள் திரெட் போட்டுவிட்டு வேகம் கூடவில்லையே என்பார்கள். வழக்கமான பைத்தானில் ஒரு நேரத்தில் ஒரு திரெட்தான் ஓடும். கணக்குப் போடும் வேலைக்கு தனித்தனிப் பிராசஸ்களாக (தனியே ஓடும் நிரல்களாக) ஓட்டும் மல்ட்டிபிராசஸிங் எடுக்க வேண்டும்.

1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண பிராசசர்களை ஈதர்நெட்டால் இணைத்து ஒரே கணினிபோல் உழைக்கும் முதல் பியோவுல்ஃப் கிளஸ்டரைக் கட்டினார்கள். அதே யோசனையை இன்று நான்கு ராஸ்பெரி பை 4 (கையடக்கக் கணினி போர்டு), ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்று, நான்கு எஸ்டி கார்டு, கொஞ்சம் கேபிள் வைத்து ஒரு மேசையில் செய்யலாம். சிக்கல் வருவது சின்ன விஷயங்களில்தான். ஒரு கார்டைத் தயார்செய்து மற்ற மூன்றிலும் நகலெடுத்தால் நான்கு போர்டுக்கும் ஒரே பெயர் இருக்கும், முதலில் அதை மாற்றுங்கள். மட்டமான சார்ஜர் போட்டால் மின்னழுத்தம் குறைந்து போர்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 80 டிகிரிச் சூட்டிலும் அப்படித்தான், எனவே சின்ன விசிறி அவசியம். வைஃபையும் கேபிளும் சேர்ந்து இருந்தால் போர்டுகளுக்கிடையே செய்தி அனுப்பும் எம்பிஐ சில நேரம் தவறான வழியைப் பிடித்து அப்படியே நிற்கும். வைஃபையை அணைத்துவிடுவதே நல்லது.

எம்பிஐயில் டெட்லாக்கை, அதாவது ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து முடங்குவதை, கட்டாயம் காட்ட வேண்டும். இரண்டு பிராசஸ்களும் முதலில் அனுப்பு, பிறகு வாங்கு என்று எழுதியிருந்தால், ஐந்து எண் அனுப்பும்போது ஓடிவிடும், ஏனென்றால் சின்னச் செய்தியை இடையில் ஒரு பஃபர் (தற்காலிக நினைவிடம்) வாங்கி வைத்துக்கொள்கிறது. பத்து லட்சம் எண் அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். சோதனையில் ஓடியது நாளை ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதை இந்த ஒரு நிரல் புரியவைக்கும்.

இத்தனையும் எதற்கு என்ற கேள்விக்குக் காட்டுத்தீ பரவுவதைக் காட்டும் கணினி மாடலே பதில். இந்தப் பகுதிக்குக் கணினி ஆசிரியர் மட்டும் போதாது, கணக்கு ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் பக்கத்தில் உட்கார வேண்டும். 100க்கு 100 கட்டத்தில் மரங்கள், நடு மரத்தில் தீ. எரியும் மரம் நான்கு திசையிலும் உள்ள அண்டை மரத்துக்குக் குறிப்பிட்ட வாய்ப்பில் ஒருமுறை தீயைக் கடத்தும். வாய்ப்பு 0.3 என்றால் தீ சீக்கிரமே அணைந்துவிடும். 0.7 என்றால் ஏறக்குறைய காடு முழுக்கச் சாம்பல். மாற்றம் படிப்படியாக வராமல் 0.5 பக்கத்தில் சட்டென்று எகிறும், அந்த வரைபடம் திரையில் வரும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அதை நம்பகமாக வரைய ஒவ்வொரு வாய்ப்புக்கும் நூற்றுக்கணக்கான முறை தீ வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். ஒரு தீக்கும் இன்னொரு தீக்கும் தொடர்பில்லை, எனவே நான்கு போர்டுக்கும் அப்படியே பிரித்துக் கொடுக்கலாம்.

இங்கேயும் ஒரு குழி உண்டு. ரேண்டம் எண்களுக்கான தொடக்க எண்ணான சீடு நான்கு பிராசஸிலும் ஒன்றாக இருந்தால் நான்கும் ஒரே தீயையே திரும்பத் திரும்ப எரிக்கும். 400 சோதனை என்று எழுதுவோம், உண்மையில் நடந்தது 100. விடை பார்க்க ஒழுங்காகவே இருக்கும் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒவ்வொரு பிராசஸும் எடுத்த முதல் ரேண்டம் எண்ணை அச்சிடச் சொல்லுங்கள். நான்கு வரியிலும் ஒரே எண் வந்தால், ஓட்டியதை அழித்துவிட்டு, பிராசஸின் வரிசை எண்ணான ரேங்க்கைச் சீடோடு கூட்டி மறுபடியும் ஓட்ட வேண்டும்.