பெர்லின் பால்கனியில் பொங்கல்: நாட்குறிப்பு

8 ஜனவரி 2024, திங்கள்

காலைல ஆபீஸ் கிளம்பும்போதே ரோட்ல டிராக்டர். இன்னைலருந்து ஒரு வாரம் ஜெர்மனி பூரா விவசாயிங்க போராட்டம், டீசல் வரிச்சலுகைய அரசு எடுக்கப்போகுதுன்னு, 15ஆம் தேதி பெர்லின்ல பெரிய பேரணியாம். 15 நமக்குப் பொங்கல்! உழவர் திருநாளும் இந்த ஊர் உழவர் பேரணியும் ஒரே நாள்ல வருதுன்னு நினைக்கும்போதே என்னமோ பண்ணுச்சு. அன்னைக்கு லீவு சொல்லிட்டேன், காரணம் கேட்ட மேனேஜர்ட்ட அறுவடைத் திருநாள்னேன், ஜனவரில அறுவடையான்னு ஆச்சரியமாப் பாத்தார். ஆமா, எங்க தமிழ்நாட்டுல தை மாசம் நெல்லு வீட்டுக்கு வரும்னு சொல்லிட்டு வந்தேன்.

இந்த வருசம் முழுசா எங்க திருநெல்வேலிச் சாப்பாடு செய்யணும். பால் பொங்கல், சக்கரைப் பொங்கல், இடிசாம்பார், அவியல், சிறுகிழங்குப் பொரியல். போன வருசம் குக்கர்ல ஒரு விசில் விட்டு பொங்கல்னு பேர் வச்சு சாப்பிட்டோம், ருசி நல்லாத்தான் இருந்துச்சு ஆனா பொங்கல. பொங்காம என்ன பொங்கல், சொல்லுங்க. காய்ல ஒண்ணு ரெண்டு கொறையலாம், அரிசி வேற ரகமா இருக்கலாம், இலைக்குப் பதில் தட்டுகூட வைக்கலாம், பானை வாய் தாண்டி வழியுறத மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது, அதுவும் நம்ம பொண்ணு கண்ணு முன்னாடி வழியணும், அவளுக்கு நாலு வயசாகுது, இனிமே பாக்குறதெல்லாம் மனசுல நிக்கும்.

11 ஜனவரி, வியாழன்

ரயில் ஓட்டுநர்கள் ஸ்டிரைக்ல எஸ்-பான், அதான் இங்க நகர ரயில், சரியா ஓடல, நல்லவேளை டிராம் ஓடுது. மெயின் ஸ்டேஷன் ஹாப்ட்பான்ஹோஃப்ல எம்8 டிராம் ஏறினா நேரா லிஷ்டன்பெர்க்ல டோங் சுவான் சென்டர் பக்கத்துலயே எறக்கி விட்ரும், நிக்கக்கூட இடம் இல்ல, பரவால்ல. வியட்நாம்காரங்களோட பெரிய பெரிய ஹாலா இருக்குற மார்க்கெட் அது, நமக்கு வேணும்ங்குறது பாதி அங்க கெடைக்கும், ஏன்னா அவங்களும் வாழை, தேங்கா, கரும்புன்னு வாழுற சனம்தான். ஃப்ரோசன் வாழை இலை வாங்கியாச்சு. அத அப்படியே விரிச்சா நார்நாராக் கிழிஞ்சுரும், ரூம் சூட்டுல விட்டு அப்புறம் வெந்நீர்ல முக்கி எடுத்தா வளையும். கரும்பு அடி நீளத்துக்கு வெட்டி வச்சிருந்தாங்க, தோகை கெடையாது. வாழைக்காய், முருங்கைக்காய், சேனை எல்லாம் கெடச்சுது.

சிறுகிழங்குதான் கவலையா இருந்துச்சு. திரும்பி வர்ற வழில ஒரு இந்தியக் கடை ஃப்ரீசர்ல அடில கெடந்துச்சு, மலையாளிங்க கூர்க்கன்னு எழுதியிருக்குற பாக்கெட், தோலெடுத்தது. ஊர்ல சாக்குல போட்டு அடிச்சு உருட்டி, மிச்சத் தோல நகத்தால சொரண்டி, விரல் நுனியெல்லாம் கறுத்துப் போய் ரெண்டு நாளைக்குப் போகாது. அந்த மண்வாசம் இதுல கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், இருந்தாலும் பாக்கெட்ட கைல எடுத்ததும் கடையிலயே நின்னு அம்மாவுக்கு போட்டோ அனுப்பிட்டேன்.

13 ஜனவரி, சனி

நாளைக்கு போகி ஞாயித்துக்கிழமைல வருது. இங்க ஞாயிறு கடை கெடையாது, சத்தம் போடுற வேலையும் கூடாது, வாக்குவம் கிளீனர் போட்டாகூட பக்கத்து வீட்லருந்து பெல் அடிப்பாங்க. அதனால போகி வேலை எல்லாத்தையும் இன்னைக்கே முடிச்சோம். எரிக்குற பேச்சே இல்ல, பழைய துணிய சேகரிப்புப் பெட்டில கொண்டு போட்டுட்டு வந்தா சரி. எனக்கு இது பிடிச்சிருக்கு, டயர எரிச்சு ஊரையே புகையாக்குறதுக்கு இது எவ்வளவோ மேல்.

பயோ கடைல, அதான் இயற்கை விவசாயப் பொருள் விக்கிற கடைல, பச்சை மஞ்சள் கிழங்கு வாங்கினேன். கொத்து கெடைக்காது, கிழங்க நூல்ல கோத்து பானைக் கழுத்துல கட்டிக்க வேண்டியதுதான்.

பானை பத்தி சொல்லணும். போன தடவ ஊருக்குப் போனப்ப அம்மா வெண்கலப் பானை ஒண்ணு வாங்கிக் குடுத்தாங்க, அடி தட்டையா இருக்கணும்னு சொல்லி நாலு கடை ஏறி எறங்கி வாங்கினது. பித்தளைன்னா ஈயம் பூசணும், அந்த வேலைக்கு இங்க ஆளத் தேட முடியாது, வெண்கலத்துக்கு அது வேண்டாம். ஆனா இன்டக்‌ஷன் அடுப்புக்கு வெண்கலம் ஆகாது, காந்தம் ஒட்டுற பாத்திரம்தான் அதுல சூடாகும். எங்க வீட்ல இருக்குறது கண்ணாடி போட்ட செரான் அடுப்பு, அதுல பானை சூடாகும், ஆனா பொங்கி வழிஞ்சதுல சக்கரை இருந்தா கண்ணாடியப் பிடிச்சு குழி விழுந்துரும். ரெண்டுக்கும் சேத்து வழி என்னன்னா, ஒத்தப் பிளேட் மின்அடுப்பு ஒண்ணு, 1500 வாட், இரும்புத் தட்டு, பால்கனிக்கு அத எடுத்துட்டுப் போயிரலாம். பால்கனி கெழக்கு பாத்தது. சூரியனுக்கு வெளிய வச்சே பால் பொங்கல், சக்கரைப் பொங்கல் உள்ள.

14 ஜனவரி, ஞாயிறு, போகி

இடிசாம்பாருக்கு மல்லி, மிளகா வத்தல், கடலைப்பருப்பு, வெந்தயம், பெருங்காயம் எல்லாம் தனித்தனியா வறுத்தேன். வறுக்கும்போது அடுக்களைக் கதவ சாத்தி, ஜன்னல முழுசாத் தொறந்து, நடைல இருக்குற ஸ்மோக் அலாரத்துக்குப் புகை போகாமப் பாத்துக்கணும். புதுசா வர்றவங்க வத்தல் வறுக்கறதுக்கு முன்னாடி இத ஞாபகம் வச்சுக்கோங்க. மல்லி பொன்னிறத்துக்கு ஒரு நொடி முன்னாடியே எறக்கிரணும், சட்டிச் சூட்லயே மிச்சம் வறுபட்டுக்கும். மிக்ஸில விட்டு விட்டு ஓட்டி, கொரகொரன்னு எடுத்து வச்சேன். வாசம் படிக்கட்டு வரைக்கும் போயிருக்கு.

கீழ் வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரங்க, அந்த வாசத்தப் பிடிச்சுக்கிட்டே மேல வந்தாங்க. அவங்க வீட்டுப் பொங்கல்ல வறுத்த பயறு, தேங்காப்பால், கசு (நம்ம முந்திரிப்பருப்பு), முந்திரிகை வத்தல் (உலர்திராட்சை) எல்லாம் போடுவாங்களாம், வெடியும் கொளுத்துவாங்களாம். "நாளைக்கு எத்தனை மணிக்குத் தம்பி? நானும் வாறன், அரிசி போடேக்க எல்லாரும் ஒவ்வொரு கை போடோணும் கண்டியளோ"ன்னாங்க. எங்க வீட்லயும் அப்படித்தான் அக்கான்னேன். மத்தியானமே டிராக்டருங்க பெர்லினுக்குள்ள வர ஆரம்பிச்சுட்டு, தூரத்துல ஹாரன் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

15 ஜனவரி, திங்கள், பொங்கல்

நெல்லைல சூரியன் ஆறரை தாண்டி உதிச்சிரும், இங்க எட்டு பத்துக்குத்தான். அம்மா வீட்ல பொங்கி சாப்பிட்டு முடிச்சு கரும்பு கடிக்கிற நேரத்துலதான் எங்களுக்கு விடியுது. ஊர் நேரத்துக்கு வைக்கலாமான்னு போன வருசம் வீட்ல பேச்சு வந்துச்சு, எனக்கு அதுல சம்மதமில்ல. பொங்கல் சூரியனுக்கு, எந்த சூரியன் என் பொண்ணு மேல வெயில் அடிக்குதோ அந்த சூரியனுக்கு.

ஏழரைக்கு அடுப்பப் போட்டோம். குளிர்ல பானை சூடாக நேரமாகும், அதனால தண்ணியக் கெட்டில்ல காய வச்சு ஊத்தி, அது மேல ஒரு லிட்டர் பால். சின்னச் சின்னதா ஓரத்துல முத்து கட்டி, நடுவுல ஆடை விழுந்து, அந்த ஆடைக்கடில ஆவி முட்டி முட்டி மேல தூக்குது, ஆடை கிழியாம அப்படியே குடை மாதிரி எழும்பி, கழுத்துல கட்டுன மஞ்சளத் தொட்டு, பட்டுன்னு கெழக்குப் பக்கமா வழிஞ்சுது. இரும்புத் தட்டுல சொய்ங்னு சத்தம். பொண்ணு "பொங்கலோ பொங்கல்"னு கத்துன கத்துல எதிர் வீட்டு ஜன்னல் தொறந்துச்சு, அக்கா குலவை போட்டாங்க, எனக்குப் பேச்சு வரல. சூரியன் மேகத்துக்குள்ளதான் இருந்தார், வெளிச்சம் வந்துச்சு, போதும்.

அப்புறம் கழுவுன பச்சரிசிய மூணு பேரும் ஒவ்வொரு கை போட்டோம், பொண்ணு மட்டும் மூணு தடவ.

சக்கரைப் பொங்கல் உள்ள நடந்துச்சு: ரெண்டு டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் வறுத்த பாசிப்பருப்பு, மூணரை டம்ளர் வெல்லம். அரிசி விரல்ல நசுங்குற அளவுக்குக் குழைஞ்ச பெறகுதான் வெல்லம் சேக்கணும், முன்னாடியே சேத்தா அரிசி வேகவே வேகாது. வெல்லத்தத் தனியாக் கரைச்சு வடிகட்டி, அடுப்பக் கொறைச்சு ஊத்துங்க, கொதிக்குற பால்ல வெல்லம் விழுந்தா திரிஞ்சுரும். பச்சரிசி கெடைக்காத ஊர்ல இருந்தா ஜெர்மன்காரங்க பால்சோறுக்குப் போடுற குண்டு அரிசியே நல்லாக் குழையும், நான் அதுலயும் செஞ்சிருக்கேன்.

ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு வீடியோ கால். மொதக் கேள்வியே, "எய்யா, எந்தப் பக்கம் பொங்குச்சு?" கெழக்கும்மான்னதும் மூஞ்சில அப்படி ஒரு சிரிப்பு. பின்னாடி என்ன சத்தம்னு கேட்டாங்க, பிராண்டன்பெர்க் கேட் பக்கம் ஆயிரக்கணக்குல டிராக்டர் நிக்குது, விவசாயிங்க போராடுறாங்கம்மான்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் "அவங்களுக்கும் நல்லது நடக்கட்டும், நம்மளும் அந்த வேலதான பாத்தோம்"னாங்க. தாத்தா இருந்த வரைக்கும் எங்க வீட்ல வயல் இருந்துச்சு.

இலைல வெள்ளைப் பொங்கல் மேல நெய், இடிசாம்பார், அவியல், சிறுகிழங்கு. ஃப்ரோசன் கிழங்குதான், நல்லெண்ணெய்ல சின்ன வெங்காயத்தோட மொறுமொறுன்னு எடுத்தேன், முழு ருசி வந்துருச்சு. அக்கா மூணு தடவ வாங்கினாங்க.

16 ஜனவரி, செவ்வாய், மாட்டுப்பொங்கல்

மிஞ்சுன சாம்பார், அவியல், பொரியல் எல்லாத்தையும் ஒரே சட்டில போட்டு தண்ணியே இல்லாம சுண்ட விட்டேன், சுண்டக்கறி. அடிப்பிடிக்காம கிண்டிக்கிட்டே இருக்கணும், எண்ணெய் ஓரத்துல பிரியும்போது நிறுத்தணும். நேத்து வெள்ளைப் பொங்கல்ல தண்ணி ஊத்தி வச்சிருந்தேன், அதப் பிசைஞ்சு இதத் தொட்டு சாப்பிட்டுட்டு ஆபீஸ் கிளம்பினேன். எனக்குப் பொங்கல விட இதுதான் பெருசு, யார் என்ன சொன்னாலும். கீழ அக்காவுக்கு ஒரு டப்பா குடுத்தாச்சு, இடிசாம்பார் பொடி அளவு எழுதிக் கேட்டிருக்காங்க, சாயங்காலம் அம்மாட்ட ஒரு தடவ சரிபாத்துட்டு எழுதிக் குடுக்கணும்.